எந்தக் கிழவரிடமிருந்து தொடங்குவது? கிரேக்க நகைச்சுவைக்குள் நுழைய ஓர் ஒப்பீடு

நான் தப்பான கதவு வழியாக உள்ளே போனவன். சாக்ரடீஸ் ஒரு பாத்திரமாக வருகிறார் என்ற ஒரே ஆசையில் அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்கள்’ நாடகத்தை எடுத்தேன். ஒரு வரி படிப்பது, புத்தகத்தின் கடைசிக்கு ஓடிக் குறிப்பைத் தேடுவது, அது அந்தக் காலத்து ஏதென்ஸ்காரர் யாரையோ பற்றிய கிண்டல் என்று தெரிந்துகொள்வது, திரும்பி வந்து சிரிக்கப் பார்ப்பது. அதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருக்கும். நாற்பது பக்கத்தில் மூடி வைத்தேன். மறுபடி அந்தப் பக்கம் போக நாலு வருடம் ஆனது.

அதனால் யாராவது “கிரேக்க நகைச்சுவை நாடகம் ஒன்றே ஒன்று படிக்கணும், எதை எடுக்கட்டும்?” என்று கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. என் அளவுகோல் ரொம்பச் சாதாரணமானது. ஒரு சிரிப்புக்கு எத்தனை அடிக்குறிப்பு தேவைப்படுகிறது? அந்த உழைப்புக்கு ஈடாக வேறு எங்கும் கிடைக்காத ஏதாவது கிடைக்கிறதா? இந்த இரண்டு கேள்விகள்தான்.

பெயர்களைப் பட்டியல் போட்டால் நீளும். ஆனால் முழு நாடகமாக நம் கைக்கு வந்து சேர்ந்தது இரண்டே பேருடைய எழுத்து. அரிஸ்டோஃபனீஸ் சுமார் 40 நாடகங்கள் எழுதினார், 11 மிஞ்சின. அவருக்கு நூறு வருடம் பின்னால் வந்த மெனாண்டர் 100க்கும் மேல் எழுதினார். அவற்றில் ஏறக்குறைய முழுதாக இருப்பது ‘சிடுமூஞ்சி’ ஒன்றுதான். ‘சாமோஸ் பெண்’ பெரும்பகுதி இருக்கிறது, ‘பஞ்சாயத்து’ என்று நாம் சொல்லக்கூடிய இன்னொன்றில் சுமார் பாதி. இருவருக்கும் நடுவில் எழுதியவர்களிடமிருந்து கிடைப்பதெல்லாம் துண்டு துணுக்குகள். அதிலும் பெரும்பகுதி, பிற்காலத்தில் விருந்தைப் பற்றி எழுதிய அதினேயஸ் என்பவர் மேற்கோள் காட்டியவை. ஆகவே மீனும் சமையல்காரனுமாகவே வரும். பசியோடு இருக்கும்போது படிக்கக் கூடாது.

எடுத்துப் படிக்க முடியாதவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. கிராட்டினஸ். அரிஸ்டோஃபனீஸ் இளைஞராக மேலே வந்துகொண்டிருந்தபோது அவர்தான் பழைய ஜாம்பவான். கி.மு. 424இல் ‘குதிரைவீரர்கள்’ நாடகத்தில் கோரஸ், அதாவது பாடி ஆடும் குழு, நேராகப் பார்வையாளர்களிடம் பேசும் இடம் ஒன்று வருகிறது. அங்கே இந்தப் பையன் கிழவரைக் கிழித்துத் தொங்கவிடுகிறான். ஒரு காலத்தில் வெள்ளமாகப் பாய்ந்து மரங்களையே வேரோடு அடித்துக்கொண்டு போனவர், இப்போது ஆணி கழன்ற யாழ் மாதிரி உளறிக்கொண்டு திரிகிறார், பாவம், பழைய வெற்றிகளுக்காக அவருக்கு ஊர்ச் செலவில் ஊற்றிக்கொடுத்து உட்கார வையுங்கள் என்கிறது அந்தப் பாட்டு. வஞ்சப் புகழ்ச்சி என்றால் இதுதான்.

கிழவர் வீட்டுக்குப் போய் அழவில்லை. அடுத்த வருடமே ‘மதுக்குடுவை’ என்று ஒரு நாடகம் போட்டார். அதில் கதாநாயகன் அவரேதான். மனைவியின் பெயர் நகைச்சுவை. புருஷன் தன்னை விட்டுவிட்டுப் போதை என்பவளோடு சுற்றுகிறான் என்று அவள் புகார் செய்கிறாள். தண்ணீர் குடிக்கிறவன் உருப்படியாக எதையும் எழுதமாட்டான் என்று ஒரு வரியும் கிராட்டினஸ் பெயரில் நிற்கிறது. அந்தப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. மூன்றாவதாகப் போனது எது தெரியுமா? நான் நாற்பது பக்கத்தில் மூடிய அதே ‘மேகங்கள்’. இது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததை மறைப்பானேன்.

‘மதுக்குடுவை’ கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கிடைக்கவில்லை. சரி, இருப்பதைப் பார்ப்போம்.

அரிஸ்டோஃபனீஸா மெனாண்டரா என்ற கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. கி.பி. 100ஐ ஒட்டி எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இருவரையும் ஒப்பிட்டுத் தீர்ப்பே சொல்லியிருக்கிறார். அவர் முழுக்க மெனாண்டர் கட்சி. விருந்தில் மது இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம், மெனாண்டர் இல்லாமல் முடியாது என்பது அவர் கருத்து. அரிஸ்டோஃபனீஸ் வகைப் பழைய நகைச்சுவையை விருந்தில் வாசிப்பதென்றால், மது ஊற்ற ஒருவன் நிற்பது போல ஒவ்வொரு விருந்தாளி பக்கத்திலும் ஒரு வாத்தியார் நின்று ‘இவன் யார், அவன் யார்’ என்று விளக்க வேண்டியிருக்கும் என்கிறார். அடிக்குறிப்புப் பிரச்சினை 1,900 வருடப் பழசு. கிரேக்க மொழியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கே அந்தக் கதி என்றால் எனக்கு என்ன வெட்கம்?

மெனாண்டருக்கு ஏன் வாத்தியார் வேண்டாம் என்பதற்கு ஓர் அரசியல் காரணம் உண்டு. அரிஸ்டோஃபனீஸ் காலத்து ஏதென்ஸில் ஊரை ஆள்கிறவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, மேடையில் அவனைத் திருடன் என்று சொல்ல முடிந்தது. கிளியோன் என்ற தலைவர் ஒரு முறை அரிஸ்டோஃபனீஸ் மேல் மன்றத்தில் புகார் கொடுத்தும் பார்த்தார். ஆள் அடங்கவில்லை. மெனாண்டர் எழுத வந்தபோது ஏதென்ஸ் வடக்கே இருந்த மாசிடோனியா அரசின் கைக்குள் போயிருந்தது. கி.மு. 317இலிருந்து பத்து வருடம் ஊரை நிர்வகித்த டெமிட்ரியஸ் அவருடைய நண்பர் வேறு. அப்படிப்பட்ட ஊரில் யார் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்வது? நாடகம் சந்தையை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. காதலிக்கும் பையன், கஞ்ச அப்பா, புத்திசாலி அடிமை, வாய் ஓயாத சமையல்காரன், பீற்றிக்கொள்ளும் சிப்பாய். இவர்களுக்கு அடிக்குறிப்பு எதற்கு?

இவ்வளவு எளிதானவர் ஆயிரம் வருடம் காணாமல் போயிருந்தார் என்பதுதான் வேடிக்கை. பள்ளிகளில் அவர் வரிகளை எழுதிப் பழகினார்கள், ரோமாபுரியில் பிளாட்டஸும் டெரன்ஸும் அவர் கதைகளை எடுத்துத் தங்கள் மொழியில் போட்டார்கள். அப்புறம் படியெடுப்பது நின்றது. 1905இல் எகிப்தில் கோம் இஷ்காவ் என்ற இடத்தில், கி.பி. 6ஆம் நூற்றாண்டு வக்கீல் ஒருவரின் வீட்டைத் தோண்டியபோது பத்திரங்கள் வைத்திருந்த ஒரு ஜாடி கிடைத்தது. பத்திரங்களுக்கு மேலே காப்பாகத் திணித்திருந்த பழந்தாள்கள் மெனாண்டரின் நாடகப் பக்கங்கள். ‘சிடுமூஞ்சி’ அச்சுக்கு வந்தது 1958இல்தான். அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் மெனாண்டரைப் போற்றிய அறிஞர்கள் யாரும் அவருடைய ஒரு முழு நாடகத்தைக்கூடப் படித்தவர்கள் இல்லை.

ஆனால் அவர் வரி ஒன்று தமிழில் ரொம்ப நாளாகவே புழங்குகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் “ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்” என்று பவுல் சொல்வது, மெனாண்டரின் ‘தாயிஸ்’ நாடகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வரி. தாயிஸ் ஒரு கணிகை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகம் போகும் போக்கே ஒரு நகைச்சுவை.

சரி, ‘சிடுமூஞ்சி’ எப்படி? கி.மு. 316இல் பரிசு வாங்கிய நாடகம். ஏதென்ஸுக்கு வெளியே ஃபைலி மலைப்பக்கம், பான் என்ற தேவதையின் குகைக்குப் பக்கத்தில் நீமோன் என்ற கிழவர் மகளோடு இருக்கிறார். மனுஷ வாடையே ஆகாது. யாராவது நிலத்தில் கால் வைத்தால் மண்ணாங்கட்டி பறக்கும். பணக்காரப் பையன் சோஸ்ட்ராட்டஸ் அந்த மகளைக் கண்டு மயங்குகிறான். கிழவரின் மனதைப் பிடிக்க மண்வெட்டி எடுத்து வெயிலில் கொத்திப் பார்க்கிறான், முதுகு பிடித்துக்கொள்வதுதான் மிச்சம். வேலைக்காரி வாளியைக் கிணற்றில் விட்டுவிடுகிறாள். வாளியை எடுக்கப் போய் மண்வெட்டியும் போகிறது. மண்வெட்டியை எடுக்கப் போய்க் கிழவரும் போகிறார்.

அவரை மேலே இழுத்து எடுப்பது, அவரை விட்டுப் போய்விட்ட மனைவிக்கு முதல் புருஷனிடம் பிறந்த மகன். சோஸ்ட்ராட்டஸும் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான், ஆனால் கண் பெண் மேல் இருந்ததால் மூன்று முறை கயிற்றை நழுவ விட்டேன் என்று பிறகு அவனே சொல்கிறான். இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு குறிப்பும் பார்க்கவில்லை. கரையேறிய கிழவர், யார் தயவும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்வதும் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. திருந்துவதில்லை, ஒத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்தது.

குறை என்னவென்றால், படித்துக்கொண்டு போகும்போதே அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுகிறது. முரட்டு அப்பா, பணக்காரப் பையன், ஏழைப் பெண், கடைசியில் ஒன்றுக்கு இரண்டு கல்யாணம். இது மெனாண்டரின் தப்பல்ல. அவரிடமிருந்து ரோமர்கள் எடுத்து, அவர்களிடமிருந்து ஐரோப்பா எடுத்து, அந்தச் சரக்கு உலகம் முழுக்கப் போய் நம் கொட்டகை வரைக்கும் வந்துவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகளே கூட்டமாக வந்து அவரை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். ‘பஞ்சாயத்து’ கதையின் அடியில் ஒரு வல்லுறவு இருக்கிறது. திருவிழா இரவில் ஒரு பெண்ணைக் கெடுத்தவனே தெரியாமல் அவளைப் பின்னால் மணக்கிறான், உண்மை வெளிவந்ததும் எல்லாம் சுபம் என்று முடிகிறது. அந்தக் கணவன் தன் இரட்டை நியாயத்தை நினைத்துக் கூனிக் குறுகும் பகுதி கூர்மையானதுதான், ஆனாலும் முதல் நாடகமாக யாருக்கும் கொடுக்கமாட்டேன். மெனாண்டர் என்றால் ‘சிடுமூஞ்சி’ மட்டும்.

இனி அரிஸ்டோஃபனீஸ். இவரிடம் 11 இருப்பதால் அதற்குள்ளேயே இன்னொரு போட்டி.

எல்லோரும் கைகாட்டுவது ‘லிசிஸ்ட்ராட்டா’. சிசிலிப் படையெடுப்பில் ஏதென்ஸ் நாசமாகி இரண்டு வருடம் கழித்து, கி.மு. 411இல் வந்தது. போரை நிறுத்தும் வரை புருஷன்மாரோடு படுக்கமாட்டோம் என்று கிரேக்கப் பெண்கள் சபதம் எடுக்கும் கதை. படுக்கை விஷயத்தையே எல்லோரும் பேசுவார்கள். அதே நேரத்தில் கிழவிகள் ஏதென்ஸின் குன்றுக்கோட்டையான அக்ரோபொலிஸைப் பிடித்துக் கஜானாவைப் பூட்டிவிடுகிறார்கள் என்பதை மறந்துவிடுவார்கள். பணம் இல்லாமல் போர் எப்படி நடக்கும்? லிசிஸ்ட்ராட்டா உண்மையில் நல்ல நிதியமைச்சர். 2003 மார்ச் 3ஆம் தேதி, ஈராக் போருக்கு எதிராக உலகம் முழுக்கப் பல ஊர்களில் ஒரே நாளில் இதை வாசித்தார்கள் என்றால் அதன் தெம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையேற்றப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். ஆனால் தனியாக உட்கார்ந்து படிக்க எனக்கு இது இரண்டாம்பட்சம். இதன் சிரிப்பில் பாதி உடையிலும் உடம்பிலும் இருக்கிறது. பெண் வேடத்தில் ஆண்கள், இடுப்பில் தொங்கும், தோலில் செய்த ஆணுறுப்பு, அதை மறைக்க முடியாமல் தவிக்கும் தூதர்கள். தாளில் அது குறிப்பாகத்தான் வரும். ஸ்பார்ட்டாக்காரி லம்பீட்டோ வேறு வட்டார வழக்கில் பேசுவாள். ஆங்கிலத்தில் அவளுக்கு ஸ்காட்லாந்துப் பேச்சைக் கொடுத்தவர்கள் உண்டு. தமிழில் போட்டால் எந்த ஊர்ப் பேச்சைக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் ஒரு நாள் போய்விடும்.

‘தவளைகள்’ ஒருவேளை அவருடைய மிகச் சிறந்த நாடகம். நாடகத் தெய்வமான டயோனிசஸ், உருப்படியான கவிஞன் ஒருவனை மீட்டுவரப் பாதாளத்துக்குப் போகிறார். அங்கே ஈஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் மோதுகிறார்கள், வரிகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த இருவரின் சோக நாடகங்கள் இரண்டு மூன்றாவது படித்திருந்தால்தான் அந்தச் சண்டை ருசிக்கும். படித்தவர் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டுத் ‘தவளைகள்’ எடுத்துக்கொள்ளலாம். ‘குதிரைவீரர்கள்’ வேண்டாம், முழுக்க முழுக்கக் கிளியோன் ஒருவரையே திட்டுவது, மூச்சு முட்டும். ‘மேகங்கள்’ பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிட்டேன். நமக்குக் கிடைத்திருப்பது தோல்விக்குப் பின் அவர் திருத்தத் தொடங்கி முழுக்க முடிக்காமல் விட்ட படி என்பதும் அதன் தடுமாற்றத்துக்கு ஒரு காரணம்.

‘பறவைகள்’ மட்டும் கடுமையான போட்டி கொடுத்தது. வழக்கும் வாய்தாவுமாக இருக்கும் ஏதென்ஸ் பிடிக்காமல் இரண்டு பேர் கிளம்பிப் போய், பறவைகளைச் சேர்த்து வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு நகரம் கட்டுகிறார்கள். பூமியிலிருந்து போகும் வேள்விப் புகை நின்றுபோய் தெய்வங்கள் பட்டினி. மேலே இருப்பவர்கள் பார்த்துவிடாமல், மனிதர்களுக்கு வேண்டியவரான பிரமீதியஸ் குடை பிடித்துக்கொண்டு வந்து ரகசியம் சொல்லும் காட்சி ஒன்று போதும். குறிப்புகளும் குறைவாகவே தேவை. ஆனால் 1,765 வரி. கிடைத்தவற்றில் நீளமானது இதுதான். நடுவில் புது நகரத்தில் ஒட்டிக்கொள்ள வரும் கவிஞன், சோதிடக்காரன், அளவையாளன் என்று ஆள் மேல் ஆளாக வந்து உதை வாங்கிப் போகும்போது புதியவருக்குக் கொட்டாவி வரும்.

என் ஓட்டு ‘குளவிகள்’ நாடகத்துக்கு. யாரும் முதலில் சொல்லாத நாடகம் இது. கி.மு. 422, அதாவது ‘மேகங்கள்’ தோற்ற மறு வருடம். போன வருடம் என்னைக் கைவிட்டீர்களே என்ற ஆற்றாமையையும் நடுவில் ஒரு முறை பார்வையாளர்கள் மேல் இறக்கிவைக்கிறார்.

கதை இதுதான். ஃபிலோகிளியோன் என்ற கிழவருக்கு ஒரு வியாதி. குடியில்லை, சூதில்லை. நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்து தண்டனை கொடுக்காமல் இருக்க முடியாது. ஓட்டுப் போடுவதற்குக் கூழாங்கல் தீர்ந்துபோய்விடுமோ என்று வீட்டுக்குள் ஒரு கடற்கரையே வைத்திருக்கிறார். சேவல் தாமதமாகக் கூவினால், யாரோ அதிகாரி லஞ்சம் கொடுத்துவிட்டான் என்பார். மகன் அவரை வீட்டுக்குள் அடைத்து, சுற்றிலும் வலை கட்டி, இரண்டு அடிமைகளைக் காவல் போட்டு, தானும் கூரை மேல் படுத்திருக்கிறான். கிழவர் புகைபோக்கி வழியாகத் தலையை நீட்டுகிறார். யாரது என்று கேட்டால் “நான் புகை, வெளியே போய்க்கொண்டிருக்கிறேன்” என்கிறார். கழுதை வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டு தப்பப் பார்க்கிறார். ஒடிசியஸ் ஆட்டுக்கிடாவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தப்பிய கதை தெரிந்தால் கூடுதல் சிரிப்பு, தெரியாவிட்டாலும் கழுதை கழுதைதான்.

விடிவதற்குள் கூட்டாளிக் கிழவர்கள் அவரைக் கூப்பிட வருகிறார்கள். பின்புறம் கொடுக்கு வைத்த குளவி வேடம். கையில் விளக்கோடு பேரன் வயசுப் பையன்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே அங்கே நடக்கும் விவாதம்தான் நான் இந்த நாடகத்தைத் தூக்கிப்பிடிக்கக் காரணம். அப்பா தன் சந்தோஷத்தைச் சொல்கிறார். பெரிய பெரிய மனுஷர்கள் என் முன் கை கட்டி நிற்கிறார்கள், அழுகிற பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். மாலையில் 3 ஓபல் (சில்லறைக் காசு) கூலியோடு வீட்டுக்குப் போனால் மகள் கால் கழுவிவிட்டு, ‘அப்பா அப்பா’ என்று கொஞ்சிக்கொண்டே என் வாயில் அடக்கி வைத்திருக்கும் காசை நாக்கால் துழாவி எடுக்கிறாள். அந்தக் காலத்தில் சில்லறையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

மகன் பதிலுக்குக் கணக்குப் போடுகிறான். ஊருக்கு வருமானம் ஏறக்குறைய 2,000 டேலண்ட். ஜூரிகள் 6,000 பேர், உங்கள் எல்லோருக்கும் வருடக் கூலி 150 டேலண்ட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் எங்கே போகிறது? கிழவர் கை நடுங்குகிறது. 2,400 வருடம் முன்பு ஒரு நகைச்சுவை நாடகத்தில் பட்ஜெட்டைப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 6 ஓபல் 1 திராக்மா, 6,000 திராக்மா 1 டேலண்ட். வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் சரியாக 150 வரும்.

புத்தி ஒத்துக்கொண்டாலும் வியாதி விடவில்லை. ஆகவே மகன் வீட்டிலேயே நீதிமன்றம் போட்டுக்கொடுக்கிறான். பக்கத்தில் பருப்புக் கஞ்சி, தூங்கினால் எழுப்ப ஒரு சேவல், அவசரத்துக்கு மூத்திரச் சட்டி, அதுவே நேரம் பார்க்கும் தண்ணீர்க் கடிகாரமும். முதல் வழக்கு: வீட்டு நாய் லாபிஸ் சிசிலிப் பாலாடைக்கட்டியைத் தனியாகத் தின்றுவிட்டது. குற்றம் சாட்டுவது இன்னொரு நாய். பாலாடைக்கட்டி சீவும் துருவி சாட்சி சொல்ல வருகிறது. குட்டிகள் கூண்டில் ஏறிச் சிணுங்குகின்றன. சிசிலியில் படை நடத்திய லாக்கீஸ் என்ற தளபதியும், அவரை விடாத கிளியோனும்தான் அந்த இரண்டு நாய்கள் என்று குறிப்பு சொல்லும். ஆனால் குறிப்பே இல்லாமல் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் குறிப்பைப் பார்த்து இன்னொரு முறை சிரிக்கலாம். ‘மேகங்கள்’ எனக்குத் தராதது அதுதான். வாழ்க்கையில் யாரையும் விடுதலை செய்யாத கிழவரை மகன் ஏமாற்றித் தப்பான பானையில் கல்லைப் போட வைக்கிறான். நாய் விடுதலை. கிழவர் மயங்கி விழுகிறார்.

இதற்கு அப்புறம் நாடகம் தொய்கிறது, மறைக்கவில்லை. அப்பாவுக்குப் பெரிய மனுஷப் பழக்கம் கற்றுக்கொடுக்க மகன் விருந்துக்குக் கூட்டிப்போகிறான். அவர் குடித்துவிட்டு, குழல் ஊதும் பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து, வழியில் எல்லோரையும் அடித்து, ரொட்டிக்காரியின் கூடையைக் கவிழ்க்கிறார். அந்தக் குழல் பெண்ணை நடத்தும் விதம் இன்றைக்குச் சிரிப்பு வரவழைக்காது. ஆனாலும் வீட்டு நாடகத்தின் எளிமையும் ஊர் நாடகத்தின் திமிரும் ஒரே இடத்தில் கிடைப்பது இதில்தான். மெனாண்டரிடம் இருக்கும் அப்பா-மகன் சண்டை இங்கே இருக்கிறது, அதற்குள்ளேயே ஏதென்ஸின் கஜானாவும் இருக்கிறது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். குறிப்புகள் அந்தந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பாக எடுங்கள், கடைசியில் மொத்தமாகக் குவித்துவைத்த பதிப்பு வேண்டாம். அப்புறம், நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் கெட்ட வார்த்தையை நாசூக்காகத் தடவி விட்டிருப்பார்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று அதை இறக்கினால் உப்பில்லாத சாப்பாடுதான். ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, உழைக்கத் தெம்பில்லை என்றால் மட்டும் ‘சிடுமூஞ்சி’. அது 969 வரிதான், சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.

இரண்டையும் படிக்க நேரம் இருந்தால் ‘குளவிகள்’ முடித்த கையோடு ‘சிடுமூஞ்சி’ எடுங்கள். 106 வருட இடைவெளியில் இரண்டு பிடிவாதக் கிழவர்கள், இரண்டு நாடகங்களும் ஆட்டத்தில்தான் முடிகின்றன. நீமோனை அடிமையும் சமையல்காரனும் சேர்ந்து, சட்டி கொடு பானை கொடு என்று கதவைத் தட்டி வதைத்து, ஆடச் சொல்லி, தூக்கிக்கொண்டு கல்யாணக் கூட்டத்துக்குப் போகிறார்கள். ஃபிலோகிளியோனை யாரும் கூப்பிடவில்லை. குடித்துவிட்டு அவரே தெருவில் இறங்கி, என்னோடு ஆட எவனுக்காவது தைரியம் இருக்கிறதா என்று சவால் விடுகிறார். மகன் என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. கோரஸும் அவர் பின்னாலேயே ஆடிக்கொண்டு வெளியே போய்விடுகிறது.